ஒட்டு மாங்கன்று வைத்திருக்கிறீர்களா? அடித்தண்டைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு மா, கொய்யா, சப்போட்டா மூன்றுமே வீட்டுத் தோட்டத்தில் நன்றாக வரும். ஒட்டு மாங்கன்று வைப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒட்டுப் போட்ட இடம், அந்தப் புடைத்த கணு, மண்ணுக்கு மேலே ஒரு சாணாவது தெரிய வேண்டும். அதில் பிளாஸ்டிக் நாடா இருந்து, ஒட்டு நன்றாகச் சேர்ந்திருந்தால் பிளேடால் மெதுவாகக் கீறி எடுத்துவிடுங்கள். விட்டால் தண்டை இறுக்கும்.

கணுவுக்குக் கீழே துளிர் வந்தால் அன்றைக்கே கிள்ளிவிட வேண்டும். இளஞ்சிவப்பாக, தளதளவென்று வரும். கிள்ள மனசே வராது. ஆனால் அது கீழே வேரோடு இருக்கும் அடிச்செடியின் துளிர், நாம் விரும்பி வாங்கிய ரகத்தின் துளிர் இல்லை. வளர விட்டால் மேலே ஒட்டியிருக்கும் பங்கனப்பள்ளி போன்ற நல்ல ரகத்தை அமுக்கிவிடும். முதல் 2, 3 வருடம் பூவையும் அப்படியே கிள்ளிவிடுங்கள், மரம் பலமாகும்.

கத்திரி வெயிலுக்கு முன்பு, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டப்பாத்தி கட்டி, காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்புங்கள். தண்டில் மட்டும் ஒட்ட வேண்டாம், அழுகும். தண்ணீர் சாயங்காலம் ஊற்றினால் போதும்.

அப்புறம், இடம் இருந்தால் பக்கத்தில் ஒரு கொய்யாவும் வையுங்கள். மாவுக்கு முன்பே காய்க்கும். பிள்ளைகள் எட்டிப் பறித்து அங்கேயே கடிப்பதைப் பார்க்கிற சந்தோஷம் வேறு எதிலும் கிடைக்காது.