ஸ்பிட்ஃபயர் காரின் சேசிஸையும் பாடியையும் வீட்டிலேயே புதுப்பிக்கும் முறை

பழைய டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒன்றை வாங்கப் போகிறவர், எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு முன் கதவைச் சோதிக்க வேண்டும். கதவை ஒரு முறை திறந்து மூடிவிட்டு, சேசிஸின் முன்பகுதியில் ஜாக்கியை வைத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்வரை தூக்கி, அதே கதவை மறுபடி திறந்து மூடிப் பாருங்கள். இரண்டாம் முறை கதவு எங்காவது இடித்தாலோ, அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும் அளவு மாறியிருந்தாலோ, காரின் இடுப்பு இற்றுவிட்டது என்று பொருள். அந்தக் காரை வாங்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதைப் புதுப்பிக்கும் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதைக் கதவே சொல்லிவிட்டது.

ஸ்பிட்ஃபயர் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில், கேன்லி ஆலையில் உருவான இரு இருக்கைக் கார். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கலோட்டி. அடியில் இருப்பது டிரயம்ஃப் ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கி எடுத்த வடிவம். அந்த ஹெரால்டைத்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் சென்னையில் தயாரித்தது என்பதால், முகப்பு முழுவதும் ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் பானட் நம்மில் பலருக்குப் பழகிய காட்சி. ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹெரால்டின் சேசிஸில் இருபுறமும் வெளிச்சட்டங்கள் ஓடும். ஸ்பிட்ஃபயரில் அவை இல்லை. நடுவே முதுகெலும்பு மட்டுமே உண்டு. கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் எனப்படும் பெட்டித் தகடுகள்தாம் வெளிச்சட்டங்களின் வேலையைச் செய்கின்றன. பின்சக்கரத்தை முன்பின் அசையாமல் பிடிக்கும் தண்டுகூடச் சேசிஸில் அல்லாமல் பாடியிலேயே மாட்டப்பட்டுள்ளது. ஆகவே இந்தக் காரில் பாடி வெறும் போர்வை அல்ல. அது சுமை தாங்கும் உறுப்பு.

பாடியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, சேசிஸை முதலில் பளபளப்பாக்கி, பிறகு பாடிக்கு வரலாம் என்று நினைப்பது இயல்பு. சில் இற்றுப்போன காரில் அப்படிச் செய்யவே கூடாது. இற்ற பாடியைத் தூக்கினால் அது நடுவில் மடங்கும். மடங்கிய நிலையில் புதுச் சில்லைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பாடி சேசிஸின்மேல் இருக்கும்போதே சில்களை மாற்றி முடித்து, அதன் பிறகே பாடியைக் கழற்ற வேண்டும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

கழற்றும் வேலையில் முதலாவது பெட்ரோல் டேங்க். அது இருக்கைகளுக்குப் பின்னால், டிக்கியின் முன்பக்கத்தில் இருக்கிறது. பற்றவைக்கும் இடத்திலிருந்து சில அடி தூரம்தான். காலி டேங்கில் தேங்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. எனவே அதை முழுவதுமாகக் கழற்றிக் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிட்டு, பெட்ரோல் குழாய்களையும் வடித்துவிட வேண்டும். பாட்டரியை எடுத்துவிடுங்கள். இருக்கை, தரைவிரிப்பு, ஒலித்தடுப்பு அட்டை அனைத்தும் வெளியேறட்டும். ஒவ்வொரு மூட்டையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் இட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதி வையுங்கள். ஸ்பேனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும்: 7/16, 1/2, 9/16 ஆகியவை பெரும்பாலான வேலையை முடித்துவிடும். மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கட்டாயப்படுத்தினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

அடுத்தது துருவின் எல்லையைக் கண்டறிவது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடியின்மேல் நகர்த்தினால், பட்டி அடித்து மூடிய இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். கீழ்ப்பகுதிகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இற்ற தகடு மந்தமாக ஒலிக்கும், உள்ளே துருத்தூள் சரிந்து விழும் ஓசையும் கேட்கும். சில்களின் இரு முனைகள், கதவின் கீல் பூட்டிய கீல் தூணின் அடிப்பாகம், தரைத் தகட்டின் முன்மூலைகள், பாட்டரித் தட்டு, பின்சக்கர வளைவுகள், டிக்கித் தரை, பின்தண்டு மாட்டும் இடம் ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால் அதற்காக வருந்த வேண்டாம். அந்தத் தகடு ஏற்கெனவே இல்லாமற்போனதுதான். சேசிஸின் முன்பகுதி பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய்க் கசிவால் காப்பாற்றப்பட்டிருக்கும். பாடியைத் தாங்க நடுச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் முதலில் துருப்பிடிக்கும்.

அந்தக் கைகளில் ஏதாவது இற்றிருந்தால் சில்லைத் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்தாக வேண்டும், ஏனென்றால் பாடி உட்காரும் உயரத்தைத் தீர்மானிப்பது அதுவே. சேசிஸ் நேராக இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தரையைச் சுத்தமாகப் பெருக்கி, சேசிஸின் குறிப்பிட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அது தொடும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை அளவெடுத்தால் இரு குறுக்களவுகளும் 3 மி.மீ.க்குள் ஒத்துவர வேண்டும். ஒர்க்‌ஷாப் மேனுவலில் இதற்கான அளவுப் படம் இருக்கிறது. அதற்கு மேல் வேறுபாடு இருந்தால், அந்தச் சேசிஸை நேராக்கும் வசதி உள்ள பட்டறைக்கு அனுப்புவதே முறை. வீட்டில் சங்கிலியும் ஜாக்கியும் வைத்து இழுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இனி முட்டுக் கொடுப்பது. சேசிஸின் அடியில் நான்கு ஸ்டாண்டுகளை நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சமமாக்குங்கள்; ஸ்டாண்ட் ஒருபோதும் பாடியைத் தொடக் கூடாது. கதவை மாட்டியபடியே சுற்றிலும் உள்ள இடைவெளியைச் சரிபாருங்கள். கார் முன்பே தொய்ந்திருந்தால், பாடிக்கும் சேசிஸுக்கும் இடையில் வைக்கும் ஷிம் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை திருத்த வேண்டும். பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயை எடுத்து, கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் இடையில் ஒன்று நேராகவும் இன்னொன்று சாய்வாகவும் பற்றவைக்க வேண்டும். கதவை மூட இடம் விட்டு, குழாய்களைக் காரின் உட்பக்கமாக அமைத்தால், வேலை நடக்கும்போதே கதவை மூடிச் சோதிக்கலாம். இரு பக்கக் கதவு வாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்றும் தேவை.

என் முதல் காரில் சாய்வுக் குழாய் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நேர்க்குழாய் ஒன்றே போதும் என்று எனக்குச் சொன்னவர் அனுபவசாலி. நானும் கேள்வி கேட்கவில்லை. சில்லைப் பற்றவைத்து ஆறிய பிறகு கதவை மூடினால், பின்விளிம்பு பூட்டுத் தூணைவிட 6 மி.மீ. கீழே நின்றது. மூன்று வாரம் செய்த வேலையை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். ஒரு மீட்டர் குழாயும் அரை மணி நேரமும் அதைத் தடுத்திருக்கும்.

சில் மூன்று அடுக்காக அமைந்தது: தரைத் தகட்டோடு சேரும் உள்தகடு, நடுவில் நிற்கும் வலுத்தகடு, வெளியே தெரியும் மூடி. மூன்றும் சேர்ந்தால்தான் அது பெட்டி. வெளிமூடியை மட்டும் மாற்றிப் பழைய உள்தகட்டின்மேல் ஒட்டிவிடும் வேலையைப் பல கார்களில் பார்க்கலாம். பார்வைக்கு அது நன்றாக இருக்கும். வலுவோ துளியும் இருக்காது. ஒரு பக்கத்தை முழுவதும் முடிக்காமல் மறுபக்கத்தில் கிரைண்டரை வைக்காதீர்கள். பழைய வெல்டிங் புள்ளிகளைத் தேடி, அதற்கென்றே உள்ள தட்டைமுனைத் துளைப்பானால் மேல் தகட்டை மட்டும் துளைத்தால், அடித்தகடு சேதமாகாமல் பிரியும்.

கம்பியைத் தானே ஊட்டி, வாயுவின் பாதுகாப்பில் பற்றவைக்கும் மிக் வெல்டிங் இயந்திரமே வீட்டு வேலைக்கு ஏற்றது. 1 மி.மீ. அளவுத் தகட்டுக்கு 0.6 மி.மீ. கம்பியும், ஆர்கானில் சிறிதளவு கார்பன் டைஆக்சைடு கலந்த வாயுவும் நல்ல பலன் தரும். புதுத் தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளைகளை ஏறத்தாழ 30 மி.மீ. இடைவெளியில் இட்டு, சேரும் இரு முகங்களிலும் துத்தநாக ப்ரைமர் பூசி, துளையின் வாயில் மட்டும் அதைத் துடைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிப் பற்றவைக்க வேண்டும். சுடரை முதலில் துளையின் நடுவில், அடித்தகட்டின்மேல் நிறுத்துங்கள். அங்கே ஒரு சிறு குளம் திரண்டு ஒளிரும். அதன் பிறகே வட்டமாக விளிம்புக்கு நகர்த்தினால் இரண்டு தகடும் ஒன்றாக உருகும். அமைப்பு சரியாக இருக்கும்போது அப்பளம் பொரிவதைப் போன்ற சீரான ஓசை கேட்கும். வெடித்து வெடித்துத் தெறித்தால் கம்பியின் வேகமோ மின்னழுத்தமோ பொருந்தவில்லை. காரில் தொடுவதற்கு முன் கழிவுத் தகட்டில் பத்துப் புள்ளிகள் வைத்து, உளியால் பிளந்து பாருங்கள். தகடு கிழிய வேண்டும், புள்ளி பிரியக் கூடாது.

முதலில் தரை, அடுத்து உள்தகடு, பிறகு வலுத்தகடு, கடைசியாக மூடி. ஒவ்வோர் அடுக்கையும் நான்கைந்து தற்காலிகப் புள்ளிகளில் நிறுத்தியதும் கதவை மூடி இடைவெளியைப் பாருங்கள். சரியாக இருந்தால் மட்டுமே முழுவதும் பற்றவைக்கலாம். ஒரே இடத்தில் தொடர்ந்து சூடேற்றினால் தகடு சுருங்கி இழுக்கும் என்பதால், ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று மாறி மாறிப் புள்ளி வைக்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு செய்திகள் பலருக்குத் தெரிவதில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த தகட்டைப் பற்றவைத்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு உருவாகும். அந்தத் திரவத்தை வெல்டிங் நடக்கும் இடத்துக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். துத்தநாக முலாம் பூசிய தகட்டின் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். முலாமைத் தேய்த்து எடுத்துவிட்டு, பட்டறைக் கதவைத் திறந்துவைத்து, புகைக்குரிய முகமூடியோடு வேலை செய்யுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே அதை உலர்ந்த நிலையில் தேய்ப்பதும் நல்லதல்ல. வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது புகைகிறதா என்று பார்ப்பது அவசியம்.

சில்கள் இரண்டும் முடிந்ததும், முட்டுக் குழாய்களை எடுக்காமலே பாடியைக் கழற்றலாம். ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் எத்தனை ஷிம் இருந்தது என்பதை எண்ணி எழுதுங்கள். உட்பாகங்கள் இல்லாத பாடியை நான்கு பேர் தூக்கிவிடலாம். சேசிஸிலிருந்து சஸ்பென்ஷனைப் பிரிக்கும்போது முன்புறச் சுருள் ஸ்பிரிங்கை, அதை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரசர் கருவி இல்லாமல் தொடக் கூடாது. அதைப் பிரித்த கையோடு, சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமரையைக் கவனியுங்கள். அது டிரன்னியன் எனப்படும் வெண்கல மூட்டுக்குள் திரும்புகிறது. அதற்கு ஈபி90 என்னும் கியர் எண்ணெய்தான் வேண்டும், கிரீஸ் அல்ல. எண்ணெய் இல்லாமல் துருப்பிடித்த தண்டு ஓடும்போதே ஒடிந்து சக்கரம் மடங்கும்.

சேசிஸை டீசலாலும் டிகிரீசராலும் கழுவி, கம்பி பிரஷ் பூட்டிய கிரைண்டரால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, இற்ற இடங்களை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, மூலத் தகட்டின் தடிமனுக்குக் குறையாத தகட்டால் ஒட்டுப்போட வேண்டும். ஓட்டையின்மேல் தகட்டை வைத்து மூடினால் இரண்டுக்கும் நடுவே நீர் தங்கும். விளிம்போடு விளிம்பாகச் சேர்ப்பதே சரி. மணல் வீச்சு சேசிஸுக்கு நல்லது, ஆனால் பாடியின் பெரிய தட்டையான தகடுகளில் அதை அனுமதிக்காதீர்கள், அவை நெளிந்துவிடும். சூடான துத்தநாகக் குளியல் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் நடப்பதால் மெல்லிய சேசிஸ் முறுக வாய்ப்புண்டு. பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும், ஆனால் கல்பட்டு விரிசல் விட்டால் அடியில் துரு ஓசையில்லாமல் பரவும். ஆகவே என் தேர்வு இரண்டு முறை பூசிய எபாக்சி ப்ரைமர், அதன்மேல் சேசிஸ் பெயின்ட். பழுதானால் தூரிகையால் திருத்திக்கொள்ளலாம்.

பாடியைத் திரும்ப வைக்கும்போது புது ரப்பர் தட்டுகளையும் குறித்துவைத்த ஷிம்களையும் இட்டு, போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் மட்டும் நிறுத்துங்கள். கதவு இடைவெளி சரியான பிறகு இறுக்கி, அதன் பின்னரே முட்டுக் குழாய்களை வெட்டி எடுக்க வேண்டும். பானட்டைக் கடைசியாகப் பொருத்துங்கள். கதவுக்குப் பானட்டை இசைக்கலாம், பானட்டுக்காகக் கதவை நகர்த்தக் கூடாது.

டிங்கரிங் வேலை கைப்பழக்கத்தால் வருவது. பள்ளத்தின் பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்து, மேட்டைச் சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டினால் தகடு தன் நிலைக்குத் திரும்பும். ஓங்கி அடித்தால் நீண்டுவிடும். பட்டி 2 மி.மீ.க்கு மேல் தேவைப்பட்டால் தட்டும் வேலை முடியவில்லை என்று அர்த்தம். நீளமான கட்டையில் 80 எண் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்குச் சாய்வாகத் தேய்த்து, 180, 320 என்று ஏறுங்கள். இடையில் கறுப்புப் பெயின்டை மெல்லிய தூவலாக அடித்துத் தேய்த்தால், கறுப்பு தங்கும் இடமே பள்ளம். தகடுகள் சேரும் விளிம்புகளில் ப்ரைமருக்கு மேல், இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர் இட மறவாதீர்கள். மேற்பூச்சை மட்டும் பெயின்ட் பூத் உள்ளவரிடம் விடுங்கள். கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கவே கூடாது.

பெயின்ட் நன்கு காய்ந்ததும் சில்களுக்குள் மெழுகைச் செலுத்த வேண்டும். வெயில் நாளைத் தேர்ந்தெடுத்து, மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்து இளக்கி, நீண்ட குழல்முனையை உள்ளே கடைசிவரை நுழைத்து, அடித்துக்கொண்டே மெதுவாக வெளியே இழுங்கள். அடியில் உள்ள வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே எட்டிவிட்டது. மறுநாள் காலை, அந்தத் துளைகளில் உறைந்ததை ஒரு கம்பியால் குத்தி, ஒவ்வொன்றையும் திறந்துவிடுங்கள்.