பூட்டுக் குறி இருக்கிறது என்று கார்டு எண்ணை நம்பி விட்டுவிடாதீர்கள்

“எங்க சைட்டில் பூட்டுக் குறி வருதே, அப்புறம் என்ன?” ஆன்லைனில் கார்டு வழியாகப் பணம் வாங்கும் சிறு கடைக்காரர்களிடமும் அவர்களுக்கு சைட் செய்து கொடுப்பவர்களிடமும் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பிரவுசரில் சைட் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் அந்தப் பூட்டு, தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுப் போகிறது என்று சொல்வது வாடிக்கையாளரின் பிரவுசரிலிருந்து உங்கள் சர்வர் வரைக்கும்தான். அங்கிருந்து பேமென்ட் கேட்வேக்கு, அதாவது கார்டுப் பணத்தை வாங்கித் தரும் சேவைக்கு, போகும் வழி எப்படி இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

மோசமான தவறு நடப்பது அங்கேதான். டெஸ்டிங்கின்போது சான்றிதழ் (எதிரில் இருப்பது உண்மையான கேட்வேதான் என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) பிழை வருகிறது, நாளை சைட் திறந்தாக வேண்டும், உடனே டெவலப்பர் இணையத்தில் தேடி, சான்றிதழைச் சரிபார்க்கும் இடத்தில் ‘ஃபால்ஸ்’, அதாவது சரிபார்க்க வேண்டாம், என்று போட்டுவிடுகிறார், பிழை போய்விடுகிறது, அந்த ஒரு வரி அப்படியே லைவுக்கும் போய்விடுகிறது. தகவல் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகும், ஆனால் யாருக்குப் போகிறது? நடுவில் ஒருவன் போலிச் சான்றிதழோடு உட்கார்ந்தாலும் உங்கள் சர்வர் அவனிடம் கார்டு எண்ணைக் கொடுத்துவிடும். இந்தப் பிழைக்குக் காரணம் பெரும்பாலும் சர்வரில் ரூட் சான்றிதழ்கள் (மற்ற சான்றிதழ்களை நம்பலாமா என்று பார்க்க உதவும் அடிப்படைச் சான்றிதழ்கள்) பழசாகிப்போனதுதான். அதைப் புதுப்பியுங்கள், சோதனையை அணைக்காதீர்கள்.

இணைப்பை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எல், அதன் பின் வந்த டிஎல்எஸ் ஆகிய முறைகளின் பழைய பதிப்புகளையும் சர்வரில் விட்டுவைக்கக் கூடாது. எஸ்எஸ்எல் 3.0-ஐ 2014-இல் வெளியான ‘பூடில்’ தாக்குதலே முடித்துவிட்டது. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் 2021-இல் அதிகாரபூர்வமாகக் கைவிடப்பட்டவை. டிஎல்எஸ் 1.2, 1.3 மட்டும் இருந்தால் போதும்.

கடைக்குள் இருக்கும் வைஃபையையும் பாருங்கள். அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் என்ற சில்லறைக் கடை நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2005-இல் திருடர்கள் நுழைந்தது ஒரு கடையின் வைஃபை வழியாக. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடைபட்டிருந்த ‘வெப்’ (WEP) என்ற வைஃபை பாதுகாப்பு முறையை அங்கே இன்னும் வைத்திருந்தார்கள். 2007-இல் விஷயம் வெளியே வந்தபோது குறைந்தது 4.57 கோடி கார்டுகளின் விவரம் போயிருந்தது. ஸ்வைப் மெஷினையும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையையும் ஒரே நெட்வொர்க்கில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்: ஹோட்டலில் அறை புக் செய்ய கார்டின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது. வாட்ஸ்அப் பாதுகாப்பானதுதானே என்பார்கள். போகும் வழி சரி, போய்ச் சேர்ந்தபின் அந்தப் படம் வரவேற்பாளரின் போன் கேலரியில் இருக்கும், பேக்கப்பிலும் இருக்கும். பணம் அங்கீகரிக்கப்பட்டபின் கார்டின் ரகசிய சரிபார்ப்பு எண்ணான சிவிவியை மறைகுறியாக்கிக்கூட கடைக்காரர் வைத்திருக்கக் கூடாது என்பது கார்டுத் துறையின் பாதுகாப்புத் தரமான பிசிஐயின் விதி, இங்கே அது போட்டோவாகவே கிடக்கிறது. பேமென்ட் லிங்க் அனுப்ப ஒரு நிமிடம்தான் ஆகும்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் கடைக்காரர்கள் கார்டு எண்ணைச் சேமிக்கவே முடியாது, அதற்குப் பதிலாக வரும் டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்திருக்கலாம். அதனால் எண்ணை வாங்கும் வேலையையே கேட்வேயின் பணம் செலுத்தும் பக்கத்திடம் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சைட் என்றால், அந்த ‘ஃபால்ஸ்’ உங்கள் கோடில் எங்காவது இருக்கிறதா என்று இன்றைக்கே தேடச் சொல்லுங்கள்.