கோதுமை பிரெட்டும் மெஷினும்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கிளம்பினால் பெட்டியில் வடகம், பருப்புப்பொடி, சீப்புச் சீடை எல்லாம் ஏறிவிடும். அவை தீர்ந்த பிறகு காலைப் பலகாரத்துக்கு என்ன வழி என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இட்லி அவிக்க நேரமில்லாத நாள்களில் எல்லோரும் கடை பிரெட்டில்தான் போய் நிற்கிறார்கள். பழுப்பாக இருப்பதெல்லாம் முழுக்கோதுமை அல்ல. நிறம் சேர்த்த மைதாவும் பழுப்பாகத்தான் இருக்கும். எனவே மாவைப் பிசைந்து, உப்பவைத்து, வேகவைத்தும் தருகிற பிரெட் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

அதை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120. இங்கே வாங்கியது அங்கே ஒழுங்காகச் சூடேறாது. அங்கே வாங்கியதை ஆச்சிக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து நேராகச் செருகினால் புகைதான் வரும். போன இடத்தில் பழைய பொருள் கடைகளில் தேடுங்கள்; ஆசைக்கு வாங்கி அலமாரியில் போட்டவர்கள் எங்கும் இருக்கிறார்கள். உள்பாத்திரத்தின் பூச்சு உரியாமல் இருக்கிறதா, பிசையும் துடுப்பு கூடவே இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

அடுத்தது மாவு. இந்தியக் கடையில் கிடைக்கும் ஆட்டா கல் இயந்திரத்தில் நைய அரைபட்டது. அரைபடும்போது அதன் மாவுச்சத்து உடைவதால் தண்ணீரை நிறையக் குடிக்கும். தவிடோ, பிரெட்டைத் தூக்கி நிறுத்தும் குளூட்டன் இழைகளை அறுத்துவிடும். வெள்ளை மாவுக்கு எழுதிய அளவை அப்படியே போட்டால் செங்கல்தான் கிடைக்கும். முதலில் பாதிக்குப் பாதி, குளூட்டன் மிகுந்த வெள்ளை பிரெட் மாவு கலந்து பழகுங்கள். பிரிட்டனில் அதை ‘ஸ்ட்ராங்’ மாவு என்று விற்பார்கள். ‘செல்ஃப் ரெய்சிங்’ என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள், அது கேக்குக்கு.

முழுவதும் ஆட்டாவிலேயே செய்ய என் அளவு இது: தண்ணீர் 315 மில்லி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கரைத்து வடிகட்டிய வெல்லம் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மாவு 420 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி. ஆச்சிமார்களின் கைக்கணக்கு பணியாரத்துக்கு எடுபடும்; இங்கே எடுபடாது. ஒரு எடைக் கருவி வாங்கிவிடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் தண்ணீர் அடியில், மாவு மேலே, அதில் குழி பறித்து ஈஸ்ட். சில மெஷின்களில் ஈஸ்ட்தான் முதலில் போகும். கையேடு சொல்வதே சட்டம்.

முழுக்கோதுமைத் திட்டத்தை அமுக்கியதும் சில மெஷின்கள் அரை மணி நேரம் அசையாமல் கிடக்கும். கெட்டுப்போகவில்லை, பொருள்களை ஒரே சூட்டுக்குக் கொண்டுவருகிறது. பிசையத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து பாருங்கள். இதைத் தவறவிடக் கூடாது. மாவு உருண்டு வந்து, பாத்திரத்தின் அடியில் மட்டும் லேசாக ஒட்டி, துடுப்போடு இழுபட வேண்டும். விரலால் தொட்டால் அதிரச மாவின் இளக்கம் தெரிய வேண்டும். சப்பாத்திப் பதத்தில் கெட்டியாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். பிசையும்போது திறந்தால் பாதகமில்லை. உப்பும்போதும் வேகும்போதும் திறக்காதீர்கள்.

இந்தப் பிசைதலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் இந்த மெஷினை உருவாக்கியபோது மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. அதன் மென்பொருள் வல்லுநர் இகுகோ தனாகா, ஒசாகா ஹோட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பழகி, அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்று கண்டுபிடித்தார். அதற்காகத்தான் பாத்திரத்தின் உட்சுவரில் புடைத்து நிற்கும் வரம்புகள் வைத்தார்கள். உங்கள் மெஷினிலும் வரம்பு இருக்கலாம், தடவிப் பாருங்கள்.

காலை ஆறு மணிக்குச் சூடான பிரெட் என்று டைமர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி வைத்தால் பிசைவது இரவு இரண்டு மணிக்கு. மரத் தளம் போட்ட வீட்டில் கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிடுவார். டைமர் வைக்கும் நாளில் பாலும் தயிரும் சேர்க்காதீர்கள், கெட்டுப்போகும்.

நம்மூர்ச் சித்திரை வெயிலில் செய்தால் மாவு அவசரமாகப் பொங்கி, வேகும்போது நடுவில் குழி விழும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஈஸ்ட்டைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும். அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும்.

வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். உள்ளேயே விட்டால் ஆவியில் ஊறிப்போகும். அடியில் துடுப்பு மாட்டியிருந்தால் மரக்குச்சியால் நெம்புங்கள், கத்தி வேண்டாம். ஒரு மணி நேரமாவது ஆறிய பிறகு அறுக்க வேண்டும். சூட்டோடு அறுத்தால் உள்ளே களியாகத் தெரியும். மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடலாம். ஜாமைவிடக் கத்தரிக்காய்க் கோசுமல்லிதான் இதற்குப் பொருத்தம். கொஞ்சம் கெட்டியாக வையுங்கள்.