சீலியாக் நோய்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்

சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து மருத்துவரிடம் செல்பவர்கள், தம்மை அறியாமலேயே நோயைக் கண்டறிவதைக் கடினமாக்கிவிடுகிறார்கள். சீலியாக் நோய்க்கான பரிசோதனைகள் அனைத்தும், மரபணுச் சோதனை ஒன்றைத் தவிர, குளூட்டன் உணவில் இருக்கும்போதுதான் நம்பத்தக்க முடிவைத் தரும்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதமே குளூட்டன். இந்நோய் உள்ளவர்களுக்கு அது குடலில் சேரும்போது, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தன் சிறுகுடலையே தாக்கி, சத்துகளை ஈர்க்கும் குடலுறிஞ்சிகளைத் தேய்த்துவிடுகிறது. ஆகவே இது ஒவ்வாமை அன்று. தன்னுடல் தாக்கு நோய். நாள்பட்ட வயிற்றுப்போக்கு மட்டுமே இதன் அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத இரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் எட்டாத குழந்தை, காரணம் தெரியாத எலும்புத் தேய்வு ஆகியவற்றின் பின்னாலும் இது மறைந்திருக்கலாம். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும், இந்நோயாளிகளின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளும் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது.

முதலில், இந்நோயில் உருவாகும் ஐஜிஏ வகை எதிர்ப்பொருளை (நோயெதிர்ப்புப் புரதத்தை) தேடும் டிடிஜி ஐஜிஏ என்னும் இரத்தப் பரிசோதனை செய்யப்படும். அதனுடன் மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இயல்பிலேயே ஐஜிஏ குறைவாக இருப்பதால், நோய் இருந்தும் ‘நோய் இல்லை’ என்றே முடிவு வந்துவிடும். இரத்தத்தில் அறிகுறி தெரிந்தால், எண்டோஸ்கோபி வழியே முன்சிறுகுடலிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துண்டு போதாது. பல இடங்களில் எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு டிடிஜி அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, வேறொரு நாளில் எடுத்த இரத்தத்தில் இந்நோயில் காணப்படும் மற்றோர் எதிர்ப்பொருளான எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் தென்பட்டால், திசுப் பரிசோதனை இன்றியே நோயை உறுதிசெய்ய ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நலச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நெறிமுறை இடமளிக்கிறது.

மரபணுச் சோதனையில், இந்நோயோடு தொடர்புடைய டிக்யூ2, டிக்யூ8 மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலோ எதுவும் உறுதியாகாது. அவற்றைச் சுமக்கும் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை.

ஏற்கெனவே கோதுமையை விட்டிருந்தால், மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் மீண்டும் உண்ட பிறகே சோதிக்க நேரும். நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்க்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் என நம் சமையலறையில் மாற்றுக்குக் குறைவில்லை. ஆனால் ரவை, சேமியா, பார்லி மால்ட் கலந்த பானங்கள் ஆகியவற்றில் குளூட்டன் உண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும் என்பதால், சாம்பாரில் போடும் அந்தச் சிட்டிகைக்கும் உறை மீதுள்ள பொருட்பட்டியலைப் படித்தாக வேண்டும்.