பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்

இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வாங்குகிறவர்களில் பலர் வண்டி கைக்கு வந்த சில மாதங்களிலேயே டயர் கடைக்குப் போய்விடுகிறார்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் அவர்கள் கண்ணுக்குக் கார் டயர் மாதிரி சாதுவாகத் தெரிகிறது. கடையில் கட்டை கட்டையாகப் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டை) வைத்த மட் டயர் ஒன்று நிற்கிறது. அதை மாட்டினால் வண்டிக்குத் தனிக் களை வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் களைக்கு டீசலிலும், காது இரைச்சலிலும், மழை நாள் பிரேக்கிலும் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

முதல் தவறு இங்கேதான். போக ஆசைப்படும் இடத்துக்கு டயர் வாங்குகிறோம், தினமும் போகும் இடத்துக்கு வாங்குவதில்லை. வருஷத்தில் ஓடும் கிலோமீட்டரை ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள்: நெடுஞ்சாலை எவ்வளவு, ஊர்ச்சாலை எவ்வளவு, மண் பாதை எவ்வளவு. ஆஃப்ரோடுக்கு என்றே பிக்கப் வாங்கியதாகச் சொல்கிறவர்களின் தாளிலும் பெரும்பங்கு தார்ச்சாலையாகத்தான் இருக்கும்.

நம் கடைகளில் பேசப்படும் வகைகள் மூன்று. தார்ச்சாலைக்கு எச்டி (ஹைவே டெரெய்ன்), சேறும் பாறையும் உள்ள இடத்துக்கு எம்டி (மட் டெரெய்ன்), இரண்டுக்கும் நடுவில் ஏடி (ஆல் டெரெய்ன்). எம்டியில் பட்டன்களுக்கு இடையே பள்ளம் அதிகம். சேற்றில் அந்தப் பள்ளம்தான் வேலை செய்கிறது. சேற்றைக் கவ்வி, சக்கரம் சுழலும்போது வெளியே எறிந்துவிட்டு அடுத்த கவ்வலுக்குத் தயாராகிறது. நனைந்த தாரில் எறிவதற்கு எதுவும் இல்லை. அங்கே தேவைப்படுவது சாலையைத் தொடும் ரப்பர், எம்டியில் அது குறைவு. எச்டியிலும் நல்ல ஏடியிலும் பட்டன்மேல் மெல்லிய கீறல்கள் நிறைய இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரச் சாலையில் பிடிமானம் தருவதில் அந்தக் கீறல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எம்டியில் அவையும் குறைவுதான்.

பிக்கப்பில் இது காரைவிட அதிகமாக உறைக்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், லோடு ஏற்றுவதற்காகக் கடினமாக அமைத்தது. பெட்டி காலியாக இருந்தால் பின் சக்கரங்களின்மேல் எடையே இல்லாத மாதிரிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், தூறல் விழுந்த சாயங்காலம், காலிப் பெட்டியோடு கடினமான எம்டி டயரில் இறங்குகிறவருக்குப் பின்பக்கம் வழுக்கும் உணர்வு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலைக்குப் போவதால்தான் மட் டயர் போட்டேன் என்கிறார்கள். மலைச்சாலையும் தார்ச்சாலைதானே!

சரி, உண்மையிலேயே தாரை விட்டு இறங்குகிறவர் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தவறு, ஆஃப்ரோடு என்பதை ஒரே தரையாக நினைப்பது. மணல், கரிசல், கல் மூன்றும் டயரிடம் கேட்பது வேறு வேறு.

திசையன்விளை, உடன்குடி பக்கத் தேரி மணலில் தோட்டம் வைத்திருப்பவர் எம்டி போட்டால் பல சமயம் நிலைமை மோசமாகும். பெரிய பட்டன் மணலைத் தோண்டும்; ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி உள்ளே இறங்கும். மணலில் தேவை மிதப்பு. அதற்குக் காசில்லாத வழி இருக்கிறது, காற்றை இறக்குவது. 35 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18 பக்கம் கொண்டுவந்தால், தரையைத் தொடும் பகுதி நீளவாக்கில் படர்ந்து வண்டியின் எடை பரவலாக இறங்கும். சாதாரண எச்டி டயரே இப்படிக் காற்று இறக்கினால், முழுக் காற்றோடு நிற்கும் எம்டியைவிட மணலில் நன்றாகப் போகும். ஆனால் காற்று குறைந்த டயரில் வளைவுகளை வேகமாக எடுக்கக் கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார் ஏறியதும் திரும்ப நிரப்பியாக வேண்டும். ஆகவே டயருக்கு முன்னால் வாங்க வேண்டியவை 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும், நம்பகமான காற்று அளவுமானி ஒன்றும். புது டயர் செட் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு பெரிதில்லை.

கரிசல் கதை வேறு. கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் காட்டுக்குள் வண்டி இறக்கியவர்களுக்குத் தெரியும். அந்த மண் ஏடி டயரின் பள்ளங்களில் அப்பி, சில சுற்றுகளிலேயே டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். எம்டிக்கு அர்த்தம் இருக்கும் இடம் இதுதான். மழைக்காலம் முழுக்க தினமும் கரிசலில் இறங்கி ஏற வேண்டிய விவசாயிக்கு நான் தயங்காமல் எம்டியைத்தான் சொல்வேன். இரைச்சல் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வருஷத்துக்கு ஓரிரு முறை சேற்றில் இறங்குகிறவருக்கு எம்டி தேவையில்லை. ஒரு கயிறும், இழுத்துவிட ஒரு டிராக்டரும் போதும்.

கல் தரைக்கு வருவோம். வால்பாறை எஸ்டேட் பாதைகள், குவாரிப் பாதைகள் போன்றவை. அங்கே டயரைக் கொல்வது வழுக்கல் இல்லை, பக்கச்சுவரில் விழும் வெட்டு. பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் அரை மணி நேர வேலை. பக்கச்சுவர் கிழிந்தால் டயர் முடிந்தது, அதை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. ஆகவே கல் பாதைக்காரர் பட்டனின் உயரத்தைவிடப் பக்கச்சுவரின் பலத்தைக் கேட்க வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரே பெயர் ஏடி டயரிலேயே கார் வகையும், 'எல்டி' என்று அளவுக்கு முன்னால் போட்ட லாரி வகையும் கிடைப்பதுண்டு. பட்டன் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் துணி அடுக்கு வேறு.

எல்டி வாங்கியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான் என்பது என் எண்ணம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்று அளவு, கம்பெனி போட்ட டயருக்கு எழுதியது. டயர் வகை மாறினால் அந்த அளவு பொருந்தாமல் போகலாம். எல்டி 'ஈ' ரக (அதிகச் சுமை தாங்கும் வகை) டயரில், பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீடு 121 என்று இருந்தால், ஒரு டயர் 1450 கிலோ தாங்கும். ஆனால் அது 80 பிஎஸ்ஐ இருக்கும்போது. அதே டயரில் 35 வைத்து ஓட்டினால், அதே அளவுள்ள சாதாரண டயர் 35-இல் தாங்குவதைவிடக் குறைவாகவே தாங்கும். பலமான டயர்தானே என்று நம்பி, பழைய காற்று அளவோடு சிமெண்ட் மூட்டை ஏற்றுகிறவர் சித்திரை வெயிலில் பக்கச்சுவரை வேகவைத்துக்கொண்டு போகிறார். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்து, அல்லது கடையில் அதைக் காட்டச் சொல்லிக் காற்று வைக்க வேண்டும். அதற்காக 80 வைத்துக் காலி வண்டியையும் ஓட்டக் கூடாது. அப்படி ஓட்டினால் பட்டனின் நடுப்பகுதி மட்டும் தேயும், பள்ளங்களில் வண்டி குதிக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வாடகைக்கு லோடு அடிக்கும் பிக்கப்பில் விலை குறைவு என்று கார் டயரை மாட்டுகிறவர்கள் பக்கச்சுவரில் உள்ள எண்ணைப் படிப்பதே இல்லை. அளவுக்குப் பின்னால் வரும் 107, 110, 112 போன்ற எண்கள் ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்கின்றன: 107 என்றால் 975 கிலோ, 110 என்றால் 1060, 112 என்றால் 1120. பக்கத்தில் உள்ள எழுத்து வேக வரம்பு. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், கியூ என்றால் 160. எம்டிகளில் பெரும்பாலும் கியூதான் இருக்கும், அது நமக்குத் தாராளம். எடை எண் மட்டும் கம்பெனி கொடுத்த டயரைவிடக் குறையக் கூடாது.

காற்றைப் பற்றி இன்னொன்று. நெடுஞ்சாலையில் ஓடி வந்து, பெட்ரோல் பங்கில் நிறுத்தி, சூடான டயரில் அளந்து, 'கூட இருக்கே' என்று திறந்துவிடுகிறவர்கள் ஏராளம். சூட்டில் காற்றழுத்தம் ஏறுவது இயல்பு. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளப்பதுதான் அளவு.

அப்புறம், பெரிய டயர் மோகம். ஆரம்பகால வி-கிராஸில் வந்த 245/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீட்டர். பலர் ஆசைப்படும் 265/70 ஆர்16 போட்டால் 777. வித்தியாசம் 28 மில்லிமீட்டர், ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 14 மில்லிமீட்டர்தான். ஒரு விரல் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஸ்பீடாமீட்டரின் கணக்கு 3.7 சதவீதம் பின்தங்குகிறது. முன்பு 100 காட்டிய இடத்தில் இப்போது 96 பக்கம்தான் காட்டும். கியர் நீண்டுவிட்ட மாதிரி ஏற்றத்தில் வண்டி மந்தமாகும். டயருக்கு ஐந்து, எட்டு கிலோ எடை கூடினால் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் அந்தப் பாரம் சேரும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் உள் பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்பதை, கடையிலேயே, பெட்டியில் ஆட்களை ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது. மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: ஓடிய தூரத்தையும் மீட்டர் அதே அளவு குறைத்துத்தான் காட்டும், கணக்குப் போடும்போது அதைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரிய டயர் போட்டவர்களுக்கு ஸ்டெப்னி இடமும் சோதனைதான். பெட்டிக்கு அடியில் பழைய அளவுக்கு விட்ட இடத்தில் புதுசு நுழையாமல் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பணம் மிச்சம் பிடிக்க இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் நால்சக்கர (4x4) வண்டிகளில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் இருப்பது பகுதி நேர நால்சக்கர அமைப்பு, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. நால்சக்கர இயக்கத்தை (4எச்) போட்டதும் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். பின்னால் 777 விட்டம், முன்னால் 749 என்றால் அந்த இழுபறி முழுவதும், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் விழும். அளவு ஒன்றாக இருந்து, முன்னால் மொட்டை டயர், பின்னால் புது டயர் என்றாலும் கொஞ்சம் இதே கதைதான். நான்கும் ஒரே அளவு, ஒரே மாடல், கிட்டத்தட்ட ஒரே தேய்மானம். பின் சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் 4x2 வண்டியில் இரண்டு மட்டும்தான் முடியும் என்றால், புதுசைப் பின்னால் போடுங்கள். ஸ்டீயரிங் முன்னால் இருக்கிறது என்பதால் நல்ல டயரையும் முன்னால் போட மனசு சொல்லும். ஆனால் ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க ஓரளவு வாய்ப்பு உண்டு, பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். காலிப் பிக்கப்பில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தயாரிப்புக் குறியைத் தேடுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். எம்டி, பெரிய ஏடி எல்லாம் மெதுவாக விற்பவை, கடையில் தூசி படிந்து கிடக்கும். தள்ளுபடியின் காரணம் பல நேரம் அந்த நான்கு இலக்கத்தில்தான் இருக்கும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்த பிறகு, வெளிநாட்டு எம்டிகளில் சில அளவுகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஒரு டயர் கல்லில் கிழிந்து, அதே மாடல் மூன்று மாதம் கிடைக்காமல் போனால் மேலே சொன்ன நால்சக்கரப் பிரச்சினை வாசலில் வந்து நிற்கும். எனவே கேட்டால் மறுநாளே கிடைக்கக்கூடிய மாடலை எடுங்கள், அல்லது ஐந்தாவதையும் சேர்த்தே வாங்கி, எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சுழற்சியில் விடுங்கள்.

பட்டன் உயரம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும் வரை சட்டம் ஓட்ட விடுகிறது. சேற்றுக்கு அது செல்லாது. ஆஃப்ரோடு டயர் பாதி தேய்ந்ததுமே அதன் ஆஃப்ரோடு குணம் போய்விடும், பிறகு அது இரைச்சல் போடும் எச்டிதான்.

கரிசலும் நெடுஞ்சாலையும் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரே டயரில் தீர்வு தேடுவதைவிட இரண்டு செட் ரிம் நல்லது. ஒன்றில் எச்டி, இன்னொன்றில் எம்டி. ஜாக்கியும் வீல் ஸ்பானரும் இருந்தால் மழை தொடங்கும்போது வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம். அலாய் மாற்றுகிறவர்கள் கம்பெனி ரிம்மைக் கடையில் விட்டுவிட்டு வராமல் வீட்டுக்கு எடுத்து வந்தால், இதற்கான செலவில் பாதி அப்போதே மிச்சம்.