ஆர்டிஎஃப் தரவை எல்லோரும் படிக்கும் வலைப்பக்கமாக்குவோம்

ஆர்டிஎஃப் என்பது தகவல்களைச் சிறுசிறு தொடர்புகளாக எழுதிவைக்கும் முறை, அந்தத் தரவைக் கேட்டுப் பெறும் கேள்வி மொழி ஸ்பார்கிள். ஆர்டிஎஃப் கற்றுக்கொள்பவர்கள் பலர் தரவைச் சேமிப்பகத்தில் ஏற்றி, ஒரு ஸ்பார்கிள் கேள்விக்கு விடை வந்ததும் அதோடு நின்றுவிடுகிறார்கள். ஸ்பார்கிள் தெரியாதவருக்கு அந்தத் தரவு பூட்டிய பெட்டிதான். முகவரியைச் சொடுக்கினால் யார் வேண்டுமானாலும் படிக்கும் ஒரு பக்கம் திறக்க வேண்டும், அதே முகவரியை ஒரு நிரல் கேட்டால் அதற்குத் தரவாகவே போக வேண்டும். விக்கிப்பீடியாவின் தகவல்களை ஆர்டிஎஃப் தரவாகத் தரும், 2007இல் தொடங்கிய டிபிபீடியா இதைத்தான் செய்கிறது. நம் கணினியில் சிறிய அளவில் நாமும் செய்து பார்க்கலாம். நிரல் எழுத வேண்டியதில்லை, முக்கியமாக இரண்டு கட்டற்ற மென்பொருள்கள் போதும்: தரவை வைக்க அப்பாச்சி ஜீனா ஃபியூசெகி, பக்கமாகக் காட்ட பப்பி. அவற்றை ஓட்ட ஜாவாவும், பப்பியை வைக்க டாம்கேட் என்ற வலைச் சர்வரும் துணைக்கு வேண்டும்.

படி 1: தரவை எழுதுதல்

கோள்களின் துணைக்கோள்களை எடுத்துக்கொள்வோம். ஆர்டிஎஃப் தரவை உரையாக எழுதும் டர்ட்டில் வடிவில் இப்படி இருக்கும்:

துணைக்கோள்:டைட்டன் பண்பு:சுற்றும்கோள் கோள்:சனி .
துணைக்கோள்:டைட்டன் பண்பு:கண்டறிந்தவர் ஆள்:ஹைகன்ஸ் .
துணைக்கோள்:டைட்டன் பண்பு:கண்டறிந்தஆண்டு 1655 .

ஒவ்வொரு வரியும் ஒரு டிரிபிள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்ற வரிசையில் வரும். நாம் பேசும்போது பயனிலையைக் கடைசியில் வைப்போம், இங்கே அது நடுவில் நிற்கிறது. முற்றுப்புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி விடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'துணைக்கோள்:', 'கோள்:' போன்ற முன்னொட்டு ஒவ்வொன்றும் எந்த முழு முகவரிக்குப் பதிலாக நிற்கிறது என்று கோப்பின் தலைப்பகுதியில் அறிவிக்க வேண்டும்.

இதே போல வியாழனின் அயோ, யூரோப்பா, கானிமீட், காலிஸ்டோ ஆகிய நான்கையும் சேர்த்து, கண்டறிந்தவர் கலிலியோ, ஆண்டு 1610 என்று எழுதுங்கள். காசினி 1671இல் கண்ட அயாபிடஸையும் சேர்த்தால் சொடுக்கிப் பார்க்கப் போதுமான தொடர்புகள் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. டர்ட்டில் தமிழ் எழுத்துகளைத் தாராளமாக ஏற்கும், மேலே உள்ள வரிகள் பிழையற்றவை. ஆனால் உலாவி தமிழ் முகவரியைச் சர்வருக்கு அனுப்பும்போது ஒவ்வொரு எழுத்தையும் சதவீதக் குறியும் எண்களுமாக மாற்றிவிடும். சேமிப்பகத்தில் இருப்பதோ தமிழ் வடிவம். இரண்டும் பொருந்தாவிட்டால் தரவு இருந்தும் பக்கம் வராது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை ஆனது. ஆகவே தொடங்குபவர்கள் முகவரியில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ப் பெயரை லேபிளில் கொடுங்கள்.

லேபிள் என்பது ஆர்டிஎஃப்எஸ் என்ற பொதுச் சொற்தொகுதியில் உள்ள, ஒன்றின் பெயரைச் சொல்லும் பண்பு. எதற்கெல்லாம் முகவரி கொடுத்தீர்களோ அதற்கெல்லாம் ஒரு லேபிள் எழுதிவிடுங்கள். பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதி, உடனே @ குறியும் தமிழுக்கான இரண்டெழுத்து மொழிக் குறியீடும் (ta) போட வேண்டும். லேபிள் இல்லையென்றால் பக்கத்தின் தலைப்பாக முகவரியின் வால்பகுதிதான் வந்து நிற்கும். நான் பார்த்த தரவுப் பக்கங்களில் படிக்க முடியாதவை பெரும்பாலும் லேபிள் எழுதாதவைதான். நேரம் குறைவு என்றால் அலங்காரத்தை விட்டுவிட்டு முதலில் லேபிளை எழுதுங்கள்.

படி 2: ஃபியூசெகியில் ஏற்றுதல்

நீங்கள் எடுக்கும் ஃபியூசெகி பதிப்பு கேட்கும் ஜாவா கணினியில் இருக்கட்டும் (பதிப்பு 5க்கு ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தையது). ஃபியூசெகியைப் பதிவிறக்கி, விரித்து, இயக்கினால் லோக்கல்ஹோஸ்ட் (அதாவது உங்கள் கணினியே) 3030 போர்ட்டில் அதன் பக்கம் திறக்கும். புதிய டேட்டாசெட் (தரவுத் தொகுப்பு) உருவாக்கும்போது வகை கேட்கும். நினைவகத்தில் மட்டும் வைக்கும் வகையைத் தேர்ந்தால் சர்வரை நிறுத்தியதும் எல்லாம் போய்விடும், வட்டில் நிலையாகச் சேமிக்கும் டிடிபி2 வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு டர்ட்டில் கோப்பைப் பதிவேற்றி, பத்து டிரிபிள்களைக் கேட்டுச் சரிபாருங்கள்.

படி 3: பப்பியை அமைத்தல்

பப்பி பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பழைய மென்பொருள்தான், ஆனால் கற்றுக்கொள்வதற்கு இதைவிட எளியது எனக்குத் தெரியவில்லை. இதை டாம்கேட் சர்வரில் வைக்க வேண்டும். டாம்கேட் 9 எடுங்கள். பதிப்பு 10இலிருந்து ஜாவா தொகுப்புகளின் பெயர்களே மாறிவிட்டதால் பழைய செயலிகள் அப்படியே ஓடாது.

அமைப்புக் கோப்பும் டர்ட்டிலில்தான் இருக்கிறது, ஆகவே படிக்கச் சிரமம் இராது. கவனிக்க வேண்டியவை நான்கு வரிகள். ஸ்பார்கிள் எண்ட்பாயிண்ட் என்பதில் ஃபியூசெகியின் கேள்வி முகவரி. டேட்டாசெட் பேஸ் என்பதில் உங்கள் தரவில் உள்ள முகவரிகளின் பொதுவான தொடக்கம். வெப் பேஸ் என்பதில் பப்பி ஓடும் முகவரி, அதாவது இப்போதைக்கு லோக்கல்ஹோஸ்ட் 8080. டீஃபால்ட் லாங்குவேஜ் என்பதில் தமிழின் குறியீடு.

டேட்டாசெட் பேஸும் வெப் பேஸும் ஏன் தனித்தனி? நாளை சொந்த டொமைனில் வெளியிடப்போகும் முகவரிகளைத் தரவில் இன்றே எழுதிவிடலாம். சோதிக்கும்போது பப்பி அவற்றை லோக்கல்ஹோஸ்ட் முகவரிகளாக மாற்றிக் காட்டும். வெளியிடும் நாளில் வெப் பேஸை மாற்றினால் போதும், தரவைத் தொட வேண்டாம். இரண்டு முகவரிகளும் சாய்கோட்டில் முடிய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

படி 4: திறந்து பார்த்தல்

டாம்கேட்டைத் தொடங்கி, உலாவியில் டைட்டனின் முகவரியைக் கொடுங்கள். பண்புகள் இடப்பக்கம், மதிப்புகள் வலப்பக்கம் என்று ஓர் அட்டவணை வரும். சனியைச் சொடுக்கினால் சனியின் பக்கம்.

உலாவியின் முகவரிப் பட்டையைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த முகவரி அங்கே இருக்காது, நடுவே 'பேஜ்' என்ற சொல் புகுந்திருக்கும். டைட்டன் என்ற துணைக்கோள் கம்பி வழியே வந்து இறங்க முடியாதல்லவா? அதனால் சர்வர் 303 என்ற எண்ணோடு "அதைப் பற்றிய ஆவணம் அங்கே இருக்கிறது" என்று திருப்பிவிடுகிறது. பொருளுக்கு ஒரு முகவரி, அதைப் பற்றிய பக்கத்துக்கு வேறொரு முகவரி என்ற இந்த ஏற்பாட்டை வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தொழில்நுட்பக் குழு 2005இல் முடிவுசெய்தது. இனி முனையத்தில் வலை முகவரிகளைக் கேட்க உதவும் கர்ல் கட்டளையில், எந்த வடிவம் வேண்டும் என்று சர்வரிடம் சொல்லும் அக்செப்ட் தலைப்பாக டர்ட்டில் வகையைக் கொடுத்து அதே முகவரியைக் கேளுங்கள். இம்முறை 'டேட்டா' என்ற முகவரிக்குத் திருப்பி, தரவை அப்படியே கொடுக்கும்.

படி 5: எதிர்த்திசைத் தொடர்பு

அப்புறம் கலிலியோவின் பக்கத்தைத் திறந்தால் ஏமாற்றமாக இருக்கலாம். நான்கு துணைக்கோள்களைக் கண்டவர் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இருக்கும். ஒரு பொருளை விவரிக்கச் சொல்லும் டிஸ்கிரைப் கேள்விக்கு என்ன விடை தரலாம் என்பதை ஸ்பார்கிள் தரம் சர்வரிடமே விட்டுவிட்டது. ஃபியூசெகி வழக்கமாக அந்தப் பொருள் எழுவாயாக இருக்கும் டிரிபிள்களைத்தான் தரும். கலிலியோவோ நம் தரவில் செயப்படுபொருளாக மட்டுமே வருகிறார்.

இதற்கு எளிய வழி, தொடர்பை இரு திசையிலும் எழுதுவது:

ஆள்:கலிலியோ பண்பு:கண்டறிந்தது துணைக்கோள்:அயோ .

கையால் எழுதத் தேவையில்லை. கண்டறிந்தவர் என்று வரும் ஒவ்வொரு டிரிபிளையும் திருப்பிப் போடும்படி ஸ்பார்கிள் இன்சர்ட் ஒன்றை ஒருமுறை ஓட்டினால் போதும். புதிய தரவு ஏற்றும்போதெல்லாம் அதை மீண்டும் ஓட்டுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு துணைக்கோளுக்கும் ஆவ்ல் என்ற இன்னொரு பொதுச் சொற்தொகுதியின், 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லும் 'சேம் அஸ்' பண்பைக் கொண்டு, விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற தரவுத்தளத்தில் உள்ள அதே பொருளின் முகவரியைச் சேருங்கள். பக்கத்தை மறுபடி ஏற்றிச் சொடுக்கிப் பாருங்கள்: உங்கள் கணினியில் இருந்த டைட்டனிலிருந்து நேராக விக்கித்தரவின் டைட்டனுக்குப் போய்விடுவீர்கள்.