வயல்ல ஒரு அடி பைப் புதைச்சு வைங்க, எப்ப தண்ணி பாய்ச்சணும்னு அதுல பாத்துக்கலாம்

நெல்லு வயல்ல தண்ணி வத்தி சேறு தெரிய ஆரம்பிச்சாலே மனசு கேக்காது, ஓடிப்போய் மோட்டார போட்டுடுவோம். எங்க வீட்லயும் பல வருஷம் அப்படித்தான், காலைல வரப்புல நின்னு பாத்தா வயல் பூரா தண்ணி மினுங்கணும், இல்லன்னா பயிர் காயுதுன்னு அர்த்தம். ஆனா மேல தண்ணி இல்லாம இருக்கறதும் வேருக்கு தண்ணி கிடைக்காம இருக்கறதும் வேற வேற. மேல வத்துன பிறகும் கீழ அரை அடிக்குள்ள தண்ணி நிக்கும், வேர் அத எடுத்துக்கிட்டுதான் இருக்கும்.

ஒரு ஏக்கர்ல 5 செ.மீ தண்ணி கட்டுறதுன்னா சுமார் 2 லட்சம் லிட்டர், கணக்கு போட்டு பாருங்க. ஒரு போகத்துல நாலு பாய்ச்சல் மிச்சம் புடிச்சா 8 லட்சம் லிட்டர். கொஞ்சம் திரும்ப நிலத்துக்குள்ளயே எறங்கும்தான், இருந்தாலும் கரண்ட் இலவசம்ங்கறதால நிலத்தடி தண்ணியும் இலவசம்னு ஆயிடாது, போர் வருஷா வருஷம் கீழ போறத நாமதான பாக்குறோம்.

காய்ச்சலும் பாய்ச்சலும்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க, அதாவது தண்ணி கட்டி, அது வத்தி காய விட்டு, அப்புறம் திரும்ப கட்டறது. பிலிப்பைன்ஸ்ல லாஸ் பானோஸ்ல இருக்கற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதுக்கு ஒரு அளவுகோல் கொண்டு வந்தாங்க, அதுதான் இந்த பைப். எவ்வளவு காயவிடலாம்ங்கறதுதான எப்பவும் சந்தேகம், அவங்க சொல்ற எல்லை மண் மட்டத்துலேந்து 15 செ.மீ கீழ, அதாவது நம்ம அரை அடி. தண்ணி மட்டம் அதுக்கும் கீழ எறங்க விடாம பாத்துக்கிட்டா மகசூல் குறையாம 30 சதவீதம் வரைக்கும் தண்ணி மிச்சம் ஆகும்.

பைப் செய்யறது ரொம்ப சுலபம். 4 இன்ச் இல்லன்னா 6 இன்ச் பிவிசி பைப் துண்டு ஒரு அடி நீளம் எடுங்க, வீட்ல கிடக்கற பழசே போதும், மூங்கில் கூட ஆகும். கீழ் பாதில மட்டும் சுத்தி வர ஓட்டை போடணும், அரை செ.மீ அகலத்துல 2 செ.மீக்கு ஒண்ணு. ஓட்டை போட்ட பாதி மண்ணுக்குள்ள, மீதி பாதி வெளிய. அடிச்சு இறக்கின பிறகு உள்ள இருக்கற சேற அள்ளி வெளிய போட்டுடணும், பைப்போட அடி கண்ணுக்கு தெரியணும், இத நிறைய பேர் விட்டுடறாங்க. தண்ணி கட்டி ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பாருங்க, உள்ளயும் வெளியயும் ஒரே மட்டம் இருந்தா சரி, இல்லன்னா ஓட்டை அடைச்சிருக்கு, புடுங்கி கழுவிட்டு திரும்ப வைங்க.

எங்க வைக்கறதுங்கறது முக்கியம். மேட்டுல வச்சா சீக்கிரம் காலியாகி பொய் சொல்லும், பள்ளத்துல வச்சா மேட்டுப் பயிர் வாடுறது தெரியவே தெரியாது. வயலோட நடுத்தர மட்டத்துல, வரப்புலேந்து கை எட்டுற தூரத்துல வைங்க. வயல் மட்டமா இல்லன்னா பைப்ப நம்பி பிரயோஜனம் இல்ல, முதல்ல மட்டம் அடிக்கணும், முடிஞ்சா லேசர் வச்சு. நண்டு வளையையும் சேறு வச்சு அடைங்க, தண்ணி அது வழியாவும் போயிடும்.

இப்ப பாய்ச்சல். நட்டு பச்சை புடிக்கற வரைக்கும் லேசா தண்ணி நிக்கட்டும். பத்து பதினஞ்சு நாளுக்கு அப்புறம் ஆரம்பிக்கலாம், களை அதிகமா இருந்தா இன்னும் ஒரு வாரம் தண்ணி கட்டி களைய அடக்கிட்டு ஆரம்பிங்க. 5 செ.மீ கட்டுங்க, நிறுத்துங்க, தினம் காலைல பைப்புக்குள்ள எட்டி பாருங்க, அடில தண்ணி தெரியாம போச்சுன்னா அன்னைக்கு திரும்ப 5 செ.மீ. மணல் கலந்த மண்ணுல ரெண்டு மூணு நாள்லயே அந்த நிலை வந்துடும், களிமண்ணுல ஒரு வாரம் பத்து நாள் கூட ஆகலாம், அதனால பக்கத்து வயல்காரர் மோட்டார் போட்டாரேன்னு நாமளும் போடக்கூடாது. யூரியா போடறதா இருந்தா காஞ்சு நிக்கும்போது போட்டு உடனே தண்ணி விடுங்க, தண்ணியோட சேந்து மண்ணுக்குள்ள போகும்.

ஒரு இடத்துல மட்டும் பிடிவாதமா இருக்கணும். தொண்டைக்கதிர், அதாவது கதிர் தண்டுக்குள்ளயே உப்பி வெளிய வரப்போற சமயத்துலேந்து பூ முடியற வரைக்கும், அதாவது பூக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியும் ஒரு வாரம் பின்னாடியும், காய்ச்சல் கிடையவே கிடையாது, 5 செ.மீ நின்னுகிட்டே இருக்கணும். அப்ப காயவிட்டா கதிர் பூரா பதரா போயிடும், நான் ஒரு தடவ அசந்து ரெண்டு மூட்டை விட்டிருக்கேன்.

எல்லா இடத்துக்கும் இது ஆகாது. ஐப்பசி கார்த்திகைல சம்பா வயல்ல மழை கொட்டும்போது காயவைக்கறது நம்ம கைல இல்ல, குறுவைக்கும் கோடைப் பயிருக்கும்தான் இது பொருந்தும். கடலோரத்துல உப்புத்தண்ணி போர் வச்சிருக்கறவங்க கட்டாயம் வேண்டாம், மண்ணு காய காய உப்பு மேல ஏறி பயிர கருக்கிடும்.

இதுல எனக்கு மனசுக்கு நிறைவா இருக்கற இன்னொரு விஷயம் இருக்கு. தண்ணி எப்பவும் நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாம மீத்தேன் உண்டாகும், நடுவுல காயவிட்டா அது கிட்டத்தட்ட பாதியா குறையும். காத்து போற மண்ணுல வேர் வெள்ளையா ஆழமா எறங்கும், ஒரு தூர புடுங்கி பாருங்க உங்களுக்கே தெரியும்.

அறுப்புக்கு பத்து பதினஞ்சு நாள் முன்னாடி தண்ணிய நிறுத்தும்போதே பைப்பையும் புடுங்கிடுங்க, இல்லன்னா மெஷின் ஏறி நொறுக்கிடும். கழுவி மோட்டார் கொட்டகைல வச்சா அடுத்த போகத்துக்கும் அதே பைப்தான்.